சிறுகலத் தேர்வு: மூலமும் உரையும் பாடபேதமும்

போன மாதம் ஒரு கருத்தரங்கில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய பாட்டின் ஒரு சொல்லில் இருப்பது ரகரமா றகரமா என்று இருவர் மோதிக்கொண்டார்கள். பாட்டு எதைப் பற்றியது என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். "அது தலைப்புக்கு அப்பாற்பட்டது" என்று அமர்வுத் தலைவர் அவனை உட்காரவைத்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் என் அக்கா மகன் கிள்ளானில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, காடி ஸ்டார்ட் ஆகல. பேட்டரி செத்துப்போச்சு. சின்னதா, நம்பிக்கையானதா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."

காடி என்பது மலேசியத் தமிழில் கார். அவனுடைய கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் மற்ற ஊர்களில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றும் விற்கப்பட்ட முதல் தலைமுறை வண்டி. 1989இல் சிகாகோ கார்க் கண்காட்சியில் திரை விலக்கப்பட்ட வகை; 2016இல் அந்த வரிசையின் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. இரண்டே இருக்கை, 1.6 லிட்டர் இன்ஜின், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடை. இதில் என் மருமகன் தன் கைங்கரியமாக அலாரம், ஆம்ப்ளிஃபயர், புதிய இன்ஜின் கம்ப்யூட்டர், கதவைத் திறந்தால் தரையில் விழும் நீல வெளிச்சம் ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறான். பேட்டரி இன்ஜினுக்குப் பக்கத்தில் இல்லை. பின்பெட்டியின் ஒரு மூலையில் இருக்கிறது. தமிழறிந்த ஒருவரிடம் வந்து பேட்டரி கேட்டதே ஒரு சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு ஆய்வில் இறங்கினேன்.

மூலநூல்கள் இரண்டு. பழைய பேட்டரியின் மேல் இருந்த ஒட்டுத்தாள். கையுறைப் பெட்டியில் நான்காக மடித்துக் கிடந்த வாரண்டி அட்டை. முன்னதில் எண்ணெய்க் கறை, பின்னதில் தே தாரேக் என்னும் தேநீரின் கறை. சுவடியியலுக்கு இதைவிட வளமான நிலம் கிடைக்காது.

இயல் 1: பெயர்க்காரணம்

வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு வழங்கிய பெயரே பேட்டரி என்றும், மின்சாரம் சேமித்த கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக இணைத்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் அதை அவற்றுக்குச் சூட்டினார் என்றும் மேலைநாட்டார் கூறுவர். இது உண்மை, ஆகவே சுவையற்றது. எந்தச் சொல்லைத் தோண்டினாலும் சுரங்கம் நம் வீட்டுக் கொல்லையில்தான் முடிய வேண்டும் என்பது ஆய்வுநெறி. இலங்கைத் தமிழர் 'பற்றரி' என்று எழுதுவது இங்கே கைகொடுக்கிறது. பற்று + அரி. உலகப் பற்றை அரிப்பது என்று சமயச் சார்பினர் பொருள் கொள்வர். பற்று வரவுக் கணக்கில் பற்றுப் பக்கத்தை அரிப்பது என்று கணக்கர் கொள்வர். கிள்ளான் வழக்கோ 'பட்டறி'; பட்டபின் அறியப்படுவது என விரியும். மூன்றும் பொருந்தும் என்க.

இயல் 2: வகை

சின்ன பேட்டரியாகிய சிறுகலம் மூவகைப்படும். முதல் வகை மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது. மூடிய பின்பெட்டிக்கு ஆகாது, விடுக.

இரண்டாம் வகை, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடியது. இதை ஏஜிஎம் என்பர். உள்ளே நடப்பது 1859இல் கஸ்தோன் பிளான்டே பிரான்சில் கண்ட அதே ஈய அமில வேதியியல்தான். பாயில் ஊறிய அமிலம் வளைவுகளில் தளும்பாது; கவிழ்ந்தாலும் கொட்டாது. ஆனால் அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால் இதுவும் ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். ஆகவேதான் இந்த வண்டியில் பேட்டரியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தரைத்தகடு வழியே வெளியே போகிறது. புதிய பேட்டரியில் குழாய் மாட்டும் மூக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, எடையைப் பார்ப்பதற்கு முந்தைய வேலை. என் மருமகன் எடையை மட்டும் பார்த்திருந்தான்.

மூன்றாம் வகை லித்தியம். 3.2 வோல்ட் அறை நான்கு சேர்ந்து 12.8. ஒரு கையில் தூக்கலாம். இதன் ஒட்டுத்தாளில் ஆம்பியர்-மணிக்குப் பக்கத்தில் 'ஈயத்துக்குச் சமமான' என்றொரு தொடர் பொடி எழுத்தில் வரும். இது உவமை. முகம் நிலாவைப் போன்றது என்றால் முகத்தில் பள்ளம் இருக்கிறது என்று பொருளில்லை அல்லவா. அதுபோல, இன்ஜினைச் சுழற்றும் வேகத்தில் இது பெரிய ஈய பேட்டரியை ஒக்கும் என்பதே கருத்து. உள்ளே சேமித்திருக்கும் மின்சாரம் சொன்ன எண்ணைவிட வெகு குறைவு. போன்ற என்ற உருபு தொக்கி நிற்க, எண் மட்டும் கொட்டை எழுத்தில் விரிந்து நிற்கிறது. உவமையை உண்மை என்று படித்தவன் விடுமுறை முடிந்து வந்து காரைத் தள்ளுவான்.

இன்னொன்று. பேட்டரியைப் பின்னால் வைத்தது முன்பாரத்தையும் பின்பாரத்தையும் சமன்செய்ய. அந்தப் பாரத்தைப் பணம் கொடுத்துக் கழற்றி எறிவது, பதம் பிரித்துப் பார்த்துவிட்டுச் சீரைத் தொலைக்கும் பதிப்பாசிரியர் வேலை.

இயல் 3: இடம்

இப்போது நூலின் உயிர்நிலைக்கு வருகிறோம். ஒட்டுத்தாளில் உள்ள மூலபாடம் இது: 44பி20எல். ஜப்பானியத் தரக்குறி. 44 என்பது திறன் வரிசை. பி என்பது அகல உயர வகுப்பு. 20 என்பது நீளம், ஏறத்தாழ சென்டிமீட்டரில். இதுவரை உரைகாரர்களுக்குள் சண்டையில்லை. எல்லுக்கு அடுத்து எண்ணெய்க் கறை இருக்கிறது. அதன் அடியில் எஸ் என்று ஓர் எழுத்து இருந்திருந்தால் முனைக்கம்பங்கள் தடித்தவை, இல்லாவிட்டால் மெலிந்தவை. தடித்த கம்பத்துக்கான பிடி மெலிந்த கம்பத்தில் ஆடும். மெலிந்ததற்கான பிடி தடித்ததில் ஏறாது. 'எஸ் உண்டு' என்பது கடைக்காரர் பாடம். 'இல்லை' என்பது வண்டிப் பாடம். வண்டி மெலிந்த கம்ப மரபைச் சேர்ந்தது என்பதால் கறையின் கீழ் ஒன்றுமில்லை என்று துணிந்தேன் (ஒட்டுத்தாள், முன்பக்கம், கறை நீங்கலாக).

ஆனால் எல்? எல் என்றால் இடம். யாருடைய இடம்?

பின்பெட்டியைத் திறந்து முனைகள் தன் பக்கம் இருக்க நேரே நின்று பார்ப்பவன், எல் வகையில் நேர்முனை தன் வலப்பக்கம் இருக்கக் காண்பான். என்ன இது, எழுதியவன் இடம் வலம் தெரியாதவனா? அல்ல. தரக்குறி வகுத்தவர்கள் நேரே நிற்கவில்லை. நேர்முனைக்கு அண்மையிலுள்ள குறுகிய பக்கத்தில் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் நேர்முனை இடப்பக்கம் விழும். எனவே எல். நிற்கும் இடம் மாறினால் இடமே வலமாகிறது.

தமிழருக்கு இது புதிதன்று. மாதொருபாகன் திருமேனியில் உமையவள் இடப்பாகம். சன்னிதியில் நிற்கும் அடியாருக்கு அவள் வலப்பக்கம் தெரிவாள். இதற்காக எந்த அடியாரும் சிற்பியைத் திட்டியதில்லை; இடம் என்பது இறைவனின் இடம் என்று அறிந்திருந்தார்கள். பேட்டரியும் ஒரே உடலில் நேர், எதிர் என இரு கூறு கொண்டது. ஆகவே எல் என்பது பேட்டரியின் தன்னிலை இடமே என்று முதலில் எழுதினேன். பிறகுதான் தடை எழுந்தது. பேட்டரிக்கு முகம் எது? முகம் இல்லாத பொருளுக்கு இடம் வலம் ஏது? ஒட்டுத்தாள் இருக்கும் பக்கமே முகம் என்பது ஒரு கட்சி (வாரண்டி அட்டை, பின்பக்கம், மூன்றாம் மடிப்பு, தே தாரேக் கறைக்குத் தென்கிழக்கே). அப்படியானால் ஒட்டுத்தாளைக் கிழித்தால் பேட்டரி முகமிழக்கும். முகமிழந்ததற்குத் திசை இல்லை. திசை இல்லாதது இயங்காது. ஆனால் என் மருமகன் ஒருமுறை ஒட்டுத்தாள் இல்லாத பேட்டரியால் ஈப்போ வரை போய்வந்திருக்கிறான் (நேர்காணல், வீட்டுத் திண்ணை; நேர்காணப்பட்டவர் பாதியில் போனைப் பார்க்கப் போய்விட்டார்). எனவே அக்கட்சி தோற்றது. முனைகள் இருக்கும் ஓரமே முகம் என்பது மறுகட்சி. இதற்குச் சான்று கார்ப் பட்டறை அண்ணனின் வாய்மொழி உரை (தே தாரேக் முதல் கிளாசுக்கும் இரண்டாம் கிளாசுக்கும் இடையே, இரண்டாம் கிளாசுக்குப் பின் கேட்ட பிரதியில் 'எந்தப் பக்கமும் முகம்தான் சார், அமிலம் பட்டா தெரியும்' என்று பாடபேதம்). அமெரிக்கக் குழுவெண் மரபில் எண்ணுக்குப் பின்னால் வரும் ஆர் என்பது முனைகள் இடம்மாறிய வகையைக் குறிக்கும். ஜப்பானிய மரபில் ஆர் என்பது வலம். ஒரே எழுத்து, இரு தேசம், இரு பொருள். இதை வைத்து இரு மரபுக்கும் ஒரு மூத்த பொது மரபு இருந்ததென்றும், அது கடலுக்குள் போய்விட்டதென்றும் ஒருவர் நிறுவினால் நான் வியக்கமாட்டேன். முனைவர் பட்டம் இதைவிடக் குறைந்த எண்ணெய்க் கறைக்குக் கிடைத்திருக்கிறது.

நடைமுறைப் பயன் என்ன என்று கேட்போருக்கு: இடம் வலம் மாறி வாங்கினால் காரின் கம்பி எட்டாது. இழுத்து எட்டவைத்து மாற்றி மாட்டினால் மெயின் ஃபியூஸ் போகும். அது முந்திக்கொள்ளாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும்.

இயல் 4: விலை

அதிகம்.

இயல் 5: எண்

பேட்டரியின் மேல் உள்ள எண்களில் தலையானது குளிரில் இன்ஜினைச் சுழற்றும் ஆம்பியர். 18 டிகிரி செல்சியஸ் உறைநிலைக்குக் கீழே, 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்கு இறங்காமல் எவ்வளவு தரும் என்பதே இதன் இலக்கணம். கிள்ளானில் அந்தக் குளிர் எங்கே உண்டு என்று தேடினேன். என் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில், கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் இருந்தது. ரோட்ஸ்டர் அதற்குள் போகாது. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில் செய்வோர் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளிப் பின்பெட்டியில் இருப்பது, ஆக, ஒரு வரம். சில சிறுகலங்கள் 5 விநாடி மட்டும் தரும் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு, மேற்படி 30 விநாடி எண்ணை அட்டையின் அடியில் வைத்திருக்கும். ஆம்பியர்-மணியிலும் ஜப்பானிய மரபு 5 மணி நேரத்தில் காலி செய்து அளக்கும்; மற்றவர் 20 மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக அளப்பர். மெதுவாகக் கறந்தால் பசு அதிகம் கறக்கும். எனவே இரண்டு பேட்டரிகளின் எண்ணை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே முறையில் கறந்தவையா என்று பார்க்க.

இயல் 6 தொடங்கும்போதுதான் பட்டறை அண்ணன் வந்தார். நான் ஒட்டுத்தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. இரவல் பேட்டரி ஒன்றை மாட்டி, சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, எல்லாம் உறங்கட்டும் என்று சற்றுக் காத்திருந்தார். எதிர்முனைக் கம்பியைக் கழற்றி நடுவே மல்ட்டிமீட்டரைக் கோத்தார். 0.25 ஆம்பியர்.

"50 மில்லி ஆம்பியர் வரைக்கும் பரவால்ல சார். இது அஞ்சு மடங்கு. நிறுத்தி வச்ச காடி ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி குடிக்குது."

மருமகன் வாங்க நினைத்திருந்த சிறுகலம் 16 ஆம்பியர்-மணி. மூன்றாம் நாள் காலையில் அது வெறும் கல். நம்பிக்கையான பேட்டரி எது என்று ஐந்து இயல் எழுதியிருக்கிறேன், காரைக் கேட்கவில்லை. அண்ணன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்றாவதில் எண் 0.03க்கு விழுந்தது. ஆம்ப்ளிஃபயர், பாட்டு நின்ற பிறகும் விழித்தே கிடந்திருக்கிறது.

"காடிய வாரத்துக்கு எத்தன தடவ எடுக்கற தம்பி?"

"மாசம் ஒரு தடவ அண்ணே. கழுவறது வாரா வாரம்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஈய பேட்டரி இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப் பிறகு சார்ஜ் ஏறாது. பழையது அப்படித்தான் செத்திருக்கிறது என்றார், என்னைப் பார்த்து. ஆம்ப்ளிஃபயரின் கம்பியைச் சாவியோடு சேர்ந்து அணையும்படி மாற்றினார். நிறுத்தி வைக்கும் வாரங்களில் மாட்ட ஒரு சிறு சார்ஜர் போதும் என்றார். கடைக்குப் போய், மெலிந்த கம்பம், குழாய் மூக்கு, ஏஜிஎம் என்று மூன்றே சொல் சொல்லி ஒரு பேட்டரியோடு வந்தார். எடை குறையவில்லை என்று மருமகனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மாட்டும்போது நான் குறுகிய பக்கமாகப் போய் நின்று, எல் என்பதன் பொருளை விளக்க வாயெடுத்தேன்.

"சிவப்பு மூடி போட்டது பிளஸ், சார்" என்று சொல்லி இறுக்கினார். ஒட்டுத்தாள் உள்சுவர்ப் பக்கம் போய்விட்டது. இனி யாருக்கும் அது தெரியாது, கழற்றினால்தான் உண்டு.