மூச்சு வாங்கினால் மரம்! (கேள்வி-பதில்)

நாகரசம்பட்டி வாசகர்: கலிஃபோர்னியா செகோயா மரம் பற்றி என் மைத்துனர் அளந்துகொண்டே இருக்கிறார். அவ்வளவு பெரிசா?

மைத்துனர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளுவது என் வழக்கம். இதில் தள்ள முடியவில்லை. ‘ஜெனரல் ஷெர்மன்’ என்ற மரம் மட்டும் 275 அடி. தஞ்சைப் பெரிய கோயிலைப் பக்கத்தில் வைத்தால் கலசத்துக்கு மேலும் மரம் நீட்டிக்கொண்டிருக்கும். 1010-ல் ராஜராஜன் கோயிலைக் கட்டி முடித்தபோதே அதற்கு ஆயிரம் வயது தாண்டியாயிற்று.

ஒரு செகோயாவைத் துண்டு போட்டு, 1893 சிகாகோ பொருட்காட்சிக்குக் கொண்டுபோய் மறுபடி கோத்து நிறுத்தினார்கள். வந்த ஜனம் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘கலிஃபோர்னியாக்காரன் புளுகு’ என்று நடையைக் கட்டியது! அந்த மரம் நின்ற கான்வர்ஸ் பேசின் தோப்பில் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். இந்த மரம் விழுந்த வேகத்திலேயே நொறுங்கும். மிஞ்சியதை வேலிக்கம்பாக்கி விற்றார்கள். சாலையை அகலப்படுத்துகிறேன் என்று நம் புளியமரங்களை வீழ்த்திய மகானுபாவர்களுக்கு இவர்கள் அண்ணன் முறை.

சிப்காட் ஊழியர், ஓசூர்: கார் மரத்தடி வரை போகுமா?

ஷெர்மனுக்குப் பக்கம் வரை போகும். கூட்டமும் அங்கேதான். ஆளில்லாத தோப்பு வேண்டுமென்றால் ஐயாயிரம் அடிக்கு மேலே, மூச்சு வாங்க ஏற வேண்டும். அந்த மேட்டில் ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சுமக்க யாருக்கும் தெம்பு இருக்காது. செங்குத்துப் பாதையைப் போல ஒரு காவல்காரன் காட்டுக்குக் கிடைப்பானா?

பர்கூர் வாசகி: விசாவுக்கு வழியில்லை. நம் பக்கம் ஏதாவது?

பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போங்கள். அங்கே கன்னிமாரா தேக்கு நிற்கிறது. நானூறு வயதுக்கு மேல், ‘மகாவிருட்ச புரஸ்கார்’ வாங்கிய மரம். ஆனால் வண்டியிலேயே போய்விடலாம். கால் கடுக்க வேண்டுமா, நம் மாவட்டத்து மேலகிரியில் குத்திராயன் சிகரம் இருக்கிறது. 2024-ல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் ஒன்று. செகோயா கிடையாது, முழங்கால் வலிக்கு உத்தரவாதம்.

காவேரிப்பட்டணம் வாசகர்: மலையேற எந்த ஷூ நல்லது?

கடிக்காதது.

ஊத்தங்கரை வாசகர்: நம் காட்டுக்குள் போக நமக்கே அனுமதியும் வழிகாட்டியும் எதற்கு?

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். மார்ச்சில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஓடும். சரிவில் மேலே நிற்பவரால் அதை முந்த முடியாது. எந்தப் பாறை மொட்டையாக இருக்கிறது, எந்தப் பக்கம் இறங்கினால் ஓடை வரும் என்பதெல்லாம் அந்த மலையிலேயே நடந்து பழகியவருக்குத்தான் தெரியும். கோடையில் பாதையை மூடினால் வனத்துறையைத் திட்டாதீர்கள்.

போச்சம்பள்ளி வாசகர்: செகோயாவுக்குத் தீ நல்லதாமே?

அளவான தீ நல்லது. சூடு பட்டால்தான் காய்கள் நன்றாக விரிந்து விதை கொட்டும். இரண்டடி கனமுள்ள பட்டை மரத்தைக் காப்பாற்றிவிடும். 2020-ல் வந்த பெருந்தீயில் அந்தப் பட்டையும் தோற்று, பெரிய மரங்களே ஆயிரக்கணக்கில் மாண்டன. மறு வருஷம் தீ நெருங்கியபோது ஷெர்மனின் அடிமரத்தில் அலுமினியத் தாளைச் சுற்றினார்கள், பரோட்டா பார்சல் மாதிரி. பிழைத்தது.

மறுபடி நாகரசம்பட்டி: எங்கள் தோட்டத்தில் ஒரு செகோயா நடலாமா?

பனி உருகிய ஈரத்தில் வளர்கிற மரத்தைச் சித்திரை வெயிலில் நிறுத்தி ஏன் வதைக்கிறீர்கள்? புளி நடுங்கள். ரோட்டோரம் வேண்டாம், எட்டு வழிச் சாலை வந்தாலும் எட்டாத தூரத்தில்.