மாடத்தை விட்டு இறங்காதவர்

அயர்லாந்தின் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலையும் அதன் பங்குத்தந்தையையும் மையமாகக் கொண்டு ஒரு சிற்றூரோ சில கிராமங்களோ சேர்ந்து அமைந்த திருச்சபை வட்டாரங்களில், பாடகர் குழு உறுப்பினரைத் தனித்த ஒரு சமூக வகையாகவே கருத வேண்டும். ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், அஞ்சல்காரர் ஓய்வு பெறுகிறார், ஆயர்களே 75 வயது நிறைந்ததும் பணிவிலகல் மடலைத் திருத்தந்தைக்கு அனுப்புமாறு திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. பாடகர் குழு உறுப்பினருக்கு மட்டும் வயது வரம்பு எதுவும் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தாலும், அதை அவரிடம் கொண்டுபோய் வாசித்துக்காட்டத் துணியும் ஆள் அந்தப் பங்கில் கிடைத்திருக்க மாட்டார்.

அவர் இருப்பிடம் பாடகர் மாடம். நுழைவாயிலுக்கு நேர் மேலே, பின்சுவரை ஒட்டி, ஒடுக்கமான படிகளில் ஏறிச் சேரும் மரத்தளம் அது. பீடத்தை நோக்கி அமர்ந்திருக்கும் மக்கள் கழுத்தைத் திருப்பாமல் அதைக் காண முடியாது. மாடத்தில் இருப்பவர்களோ கீழேயுள்ளவர்களை ஒருவர் விடாமல் காணலாம். இந்த அமைப்பு இசையின் பொருட்டு ஏற்பட்டது என்று கட்டடக் கலைஞர்கள் சொல்லக்கூடும். மாடத்துப் பாடகர் அதற்கு வேறு பயன்களும் கண்டவர். மறையுரை தொடங்கிய பிறகு வந்தவர் யார், நற்கருணை வாங்கிய கையோடு பக்கக் கதவு வழியே நழுவியவர் யார், நிலத் தகராறுக்குப் பின் ஒரே வரிசையில் அமராத சகோதரர்கள் எவர், எந்த வீட்டுப் பெண்ணின் அருகில் புதிதாக ஓர் இளைஞன் நிற்கிறான் என்பன போன்ற செய்திகள் திங்கட்கிழமை காலைக்குள் ஊர் முழுவதும் பரவியிருப்பதற்கு மாடத்தின் உயரமே காரணம். அவர் பார்வைக்குத் தப்பியவர்கள் ஒரே ஒரு பிரிவினர்தாம்: மாடத்துக்கு நேர் கீழே, வாசலோரமாக, தரையில் வைத்த தொப்பியின்மேல் ஒரு முழங்காலை மட்டும் ஊன்றியபடி திருப்பலி கண்டுவந்த பின்வரிசை ஆண்கள். அவர்கள் வெளியேறும் தருணத்தையும், படிவழியே ஏறிவரும் புகையிலை மணத்தைக் கொண்டு கணித்துவிடும் திறன் பழைய பாடகர்களுக்கு இருந்தது.

இத்தனை செல்வாக்கு அவருக்கு வாய்த்ததற்கு வரலாற்றில் காரணம் உண்டு. கத்தோலிக்கர்களின் வழிபாட்டையும் சொத்துரிமையையும் ஒடுக்கிய தண்டனைச் சட்டங்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடப்பில் இருந்தபோது, பல இடங்களில் திருப்பலி திறந்த வெளியில், பாறையையே பீடமாகக் கொண்டு, ஓசையின்றி நடந்தது. 1829இல் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் வந்து, பெரிய கற்கோயில்கள் எழுந்த பிறகும், வாய் திறவாமல் திருப்பலி காணும் பழக்கம் மக்களை விட்டு அகலவில்லை. கத்தோலிக்கர்களால் ஏன் பாட முடிவதில்லை என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1990இல் நூல் வெளியிட்ட அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் டே, அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கடல் கடந்து கொண்டுசென்ற இந்த மௌனத்தை அமெரிக்கக் கோயில்களின் மௌனத்துக்கும் காரணமாகக் காட்டினார். அவர் வாதம் முழுவதும் ஏற்கத்தக்கதா என்பது வேறு. பங்கு அளவில் விளைவு தெளிவானது. ஊர் முழுவதற்கும் உரிய பாட்டுக் கடமை பத்துப் பன்னிரண்டு பேரிடம் குத்தகைக்கு விடப்பட்டது; குத்தகைக்காரர் எப்படி உழுதாலும், ஏரைத் தொடாதவர்கள் குறைசொல்வதற்கில்லை.

குரல் தேர்வு என்பது பெருநகரப் பேராலயங்களின் வழக்கம். பங்கில் நடப்பது குடும்ப விசாரணை: பாட்டி பாடியிருக்கிறாரா, சித்தப்பா பாடியிருக்கிறாரா என்பதே கேள்வி. பங்குத்தந்தையே தொடக்கப் பள்ளியின் மேலாளராகவும் இருந்த காலத்தில், 'மாஸ்டர்' என்று ஊரார் அழைத்த தலைமையாசிரியர் பாடகர் குழுவையும் நடத்தித்தருவது பல ஊர்களில் எழுதப்படாத பணிவிதியாக இருந்தமையால், பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதே அவர் செவிமடுத்து ஆள்பிடித்துவிடுவார். அவ்வாறு பத்து வயதில் மாடப்படி ஏறியவர், திருமணம், பிள்ளைப்பேறு, மூட்டுவலி ஆகிய எதன்பொருட்டும் இறங்குவதில்லை. நிலத்துக்கு உள்ள பட்டா இருக்கைக்கு இல்லை என்பதே குறை. மற்றபடி உரிமை, எல்லை, ஆக்கிரமிப்புப் புகார் எல்லாம் அங்கும் உண்டு.

இவ்வகையின் தலையாய மாதிரி சொப்ரானோ, அதாவது பெண்குரல்களில் மேல் ஸ்தாயியில் பாடுபவர். இவரை அகற்ற ஒரு திருத்தந்தையே முயன்றார் என்பது பலரும் அறியாத செய்தி. பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22இல், இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருச்சபை இசை குறித்து ஆணை ஒன்றை வெளியிட்டு, கோயிற்பாடகர் ஆற்றுவது வழிபாட்டுப் பணியாதலால் பெண்கள் அதில் இடம்பெற இயலாது என்றும், உச்சக் குரல்கள் வேண்டுமானால் சிறுவர்களைக் கொண்டு பாடுவிக்க வேண்டும் என்றும் விதித்தார். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914இல் வெளியிட்ட 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் இறுதிக் கதையில், வாழ்நாளெல்லாம் பாடி உழைத்த சகோதரி ஜூலியாவுக்கு நேர்ந்த அவமதிப்பை எண்ணி கேட் என்னும் மூதாட்டி கொதித்தெழுவது இந்த ஆணையைக் குறித்துத்தான். ஆயினும் ஆணை எல்லாப் பங்குகளிலும் ஒரே சீராக நடைமுறைக்கு வரவில்லை. நாட்டுப்புறப் பங்குத்தந்தையருக்கு ரோமாபுரி தொலைவில் இருந்தது, சொப்ரானோவின் வீடோ அடுத்த தெருவில் இருந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1955 டிசம்பரில் சில நிபந்தனைகளோடு பெண்குரல்களுக்கு இடமளித்தபோது, மாடத்தில் பலர் தங்களுக்குத் தடை இருந்ததையே அப்போதுதான் கேள்விப்பட்டிருக்கக்கூடும்.

சொப்ரானோவின் ஆண்டுத் தேர்வு கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி. அன்று பாடப்படும் 'ஓ ஹோலி நைட்', பிரெஞ்சு இசையமைப்பாளர் அடோல்ஃப் ஆடம் 1847இல் மெட்டமைத்த பாடல், முடிவை நெருங்கும் இடத்தில் குரலை ஓர் உச்சத்துக்கு ஏற்றிச் செல்கிறது. அறுபதைக் கடந்த சொப்ரானோ அந்த உச்சத்தை எட்டுவாரா என்பதே அக்டோபர் முதல் ஊரின் பேச்சு. எட்டினால் அது அவர் திறமை. எட்டாவிட்டால் மாடத்தின் குளிர். இப்போது பல பங்குகளில் 'நள்ளிரவு'த் திருப்பலி இரவு ஒன்பது மணிக்கே, சில இடங்களில் அதற்கும் முன்பே, முடிந்துவிடுகிறது. மதுக்கடையிலிருந்து நேரே வருவோரின் தொல்லையும் முதியோரின் வசதியும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஏழு மணிக்கு உச்சக் குரல் திறப்பதில்லை என்று சொப்ரானோ தெரிவிக்கும் ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் ஏறுவதில்லை.

ஆண்குரல்களில் மேலே ஒலிக்கும் டெனரின் கதை வேறு. அயர்லாந்துப் பங்கு டெனர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மனிதரின் நிழலில் வாழ்பவர். அத்லோன் நகரில் 1884இல் பிறந்த ஜான் மெக்கார்மக், டப்ளின் பேராலயத்தின் பலஸ்த்ரீனா பாடகர் குழுவில் பாடி, 1903இல் 'ஃபெஷ் கியோல்' என்னும் தேசிய இசைப் போட்டியில் டெனர் தங்கப் பதக்கம் பெற்று, உலகப் புகழ் அடைந்தவர். டப்ளினில் நடந்த அனைத்துலக நற்கருணை மாநாட்டின் நிறைவுநாளான 1932 ஜூன் 26 அன்று, ஃபீனிக்ஸ் பூங்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கூடியிருக்க, திருத்தந்தை அளித்த பிரபுப் பட்டத்துக்குரிய சீருடையில் நின்று, சேசர் ஃபிராங்க் இசையமைத்த 'பானிஸ் ஆஞ்செலிகஸ்' என்னும் லத்தீன் நற்கருணைப் பாடலை அவர் பாடினார். ஒலிபெருக்கிகளும் வானொலியும் அதை நாடெங்கும் கொண்டுசென்றன. அன்றிலிருந்து அந்தப் பாடல் ஒவ்வொரு பங்கு டெனருக்கும் சொத்தாகவும் சுமையாகவும் ஆயிற்று. திருமணத்துக்கும் அதுவே, அடக்கத்துக்கும் அதுவே, புதிய பங்குத்தந்தையின் வரவேற்புக்கும் அதுவே. கேட்ட பெரியவர்கள், ஃபீனிக்ஸ் பூங்காவுக்குத் தாம் நேரில் போயிருந்ததை நினைவுகூர்ந்து, மெக்கார்மக் வேறு மாதிரிப் பாடினார் என்று மென்மையாகச் சொல்வார்கள். டெனர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். தட்டுப்பாடான குரல் என்பதால், பசு கன்று ஈனும் பருவத்தில் அவர் ஒத்திகைக்கு வராததும், வந்தால் தொண்டைக்கு மட்டும் என்று சொல்லிச் சிறிது விஸ்கி அருந்திவிட்டு வருவதும் பொறுத்துக்கொள்ளப்படும்.

ஆல்ட்டோ எனப்படும் கீழ்ப்பெண்குரலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சுருதி தவறாமல் பாடுபவரை ஊர் நினைவில் வைப்பதில்லை. பேஸ் எனப்படும் அடித்தளக் குரலுக்கு உரியவர் பெரும்பாலும் ஒருவரே. எல்லாப் பாட்டுக்கும் அவர் ஒரே சுரத்தைப் பாடுகிறார் என்ற குற்றச்சாட்டில் பாதியளவு உண்மை உண்டு.

இவர்களை ஒன்றாக இழுத்துச் செல்பவர் இசைக்கருவிக்காரர். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத கோயில்களில், பழைய தமிழ் நாடக மேடையில் இருந்ததுபோன்ற, காலால் மிதித்துக் காற்றூட்டும் ஆர்மோனியமே இருந்தது. மிதிப்பவரின் மூட்டு நிலையைப் பொறுத்தே பாட்டின் வேகம் அமைந்தது. மழைக்காலப் பாடல்கள் நீண்டன. வாரம் ஒருமுறை மாலையில் நடக்கும் ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்படும், அதில் மேலங்கியைக் கழற்றுவதா வேண்டாமா என்ற ஆலோசனையும், யார் வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்ற விசாரணையும் போக எஞ்சுவதே இசைக்கு.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தத்தால் 1965 மார்ச் 7 அன்று அயர்லாந்துத் திருப்பலியில் மக்கள் மொழி நுழைந்தபோது, பொருள் தெரியாமலே பிழையறப் பாடிவந்த லத்தீன் முழுவதும் ஒரே பருவத்தில் பயனற்றதாகிவிட்டது. பின்னாலேயே கித்தாரோடு இளைஞர் குழுக்கள் வந்து சனிக்கிழமை மாலைத் திருப்பலியைக் கைப்பற்றின. ஞாயிற்றுக்கிழமைக் குழுவும் சனிக்கிழமைக் குழுவும் ஒரே அலமாரியைப் பகிர்ந்துகொண்டும் ஒருவரோடொருவர் பேசாமலும் இருக்கும் கலை அப்போது பிறந்தது. இந்தக் குழப்பத்திலும் ஓர் ஊர் தலைநிமிர்ந்து நின்றது. கார்க் மாவட்டத்தின் மேற்கே, ஐரிஷ் மொழி இன்றும் பேசப்படும் கூலே கிராமத்தில் குடியேறிய இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா, 1964இல் அவ்வூர் ஆண்களைத் திரட்டிப் பாடகர் குழு அமைத்து, அவர்கள் அறிந்த நாட்டுப்புற இசைமரபிலேயே ஐரிஷ் மொழித் திருப்பலி இசையை உருவாக்கினார். 1971இல் 40 வயதில் அவர் மறைந்ததும், பதின்ம வயது மகன் பாடர் பொறுப்பை ஏற்றார், குழு கலையவில்லை. உழவர்களுக்கு அவர்கள் குரலிலேயே பாடக் கொடுத்தது அயர்லாந்துக் கோயில் இசையின் ஆகச்சிறந்த முடிவு என்பதில் ஐயமில்லை. ஓ ரியாடாவின் கர்த்தர் கற்பித்த செபம், பாடத் தெரியாது என்று சாதிக்கும் மக்களையும் இன்றுவரை பாடவைக்கிறது.

இந்த வகையின் குறைகளைப் பேசுவோர் அதன் பணியையும் பேச வேண்டும். உள்ளூர் வானொலி காலையில் மரண அறிவிப்பு வாசித்த இரண்டொரு நாளில், வேலைநாள் என்றும் பாராமல், ஐந்தாறு பேர் மாடத்தில் நிற்கிறார்கள். ஊதியம் கிடையாது, அடக்கம் முடிந்ததும் பங்கு மண்டபத்தில் தேநீரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும், ஆண்டுக்கொருமுறை பேருந்தில் நாக் திருத்தலத்துக்கு ஒரு பயணமும்தான் கைம்மாறு. பங்கில் எவரும் பாட்டில்லாமல் மண்ணுக்குள் போனதில்லை என்பது அவர்களின் பெருமை. மாடத்து உறுப்பினரே இறந்தால் மட்டும் முழுக் குழுவும் வரும். அவர் அரைச் சுரம் கீழே பாடிவந்தார் என்பது அதற்கு ஒரு மாதம் கழித்தே, அதுவும் அவரைப்போல் அரைச் சுரம் கீழே பாட இனி ஆளில்லை என்ற புகழுரையாகவே, வெளிவரும்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்று பதிந்தோர் 69 விழுக்காடு. அவர்களிலும் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருவோர் குறைந்துவருகின்றனர். மாடத்தின் காலி இடங்களில் இப்போது பிலிப்பைன்ஸ், கேரளச் செவிலியர்கள் பலர் அமர்ந்து, டெனர் பஞ்சத்தைக்கூட ஓரளவு தீர்த்துவருகின்றனர். எனவே, வேலையின்பொருட்டு அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றில் குடியேறவிருக்கும் தமிழ் வாசகர்கள், திருப்பலியில் பாடல் தெரிந்தாலும் வாய்க்குள்ளேயே பாடிக்கொள்வது நலம். பின்வரிசையில் நின்று சற்றே உரக்கப் பாடியவரின் பெயர் அடுத்த வார ஒத்திகைப் பட்டியலில் ஏறியிருக்கும், அதை அடிப்பதற்கான முறை எதுவும் இதுவரை வகுக்கப்படவில்லை.