தொப்பி போட்டவனுக்கே தண்டனை

1805 கடைசியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்குக்கு ஒரு பெருங்கவலை. போரைப் பற்றி அல்ல. சிப்பாயின் தலைப்பாகையைப் பற்றி. ஐரோப்பியத் தொப்பி மாதிரி இருந்தால் எடுப்பாக இருக்குமே! உத்தரவு பறந்தது. புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம். சில மாதங்களில் அடுத்த உத்தரவு: அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசைக்கும் அளவு உண்டு. கவர்னர் வில்லியம் பென்டிங்க் தலையாட்டினார். போட்டுக்கொள்ள வேண்டியவனை யாரும் கேட்கவில்லை.

வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் மாட்டேன் என்றார்கள். முன்னால் நின்றவர்களைச் சென்னைக்கு இழுத்து வந்து விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி, பணிநீக்கம். மத நல்லிணக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி குறை வைத்ததே இல்லை.

1806 ஜூலை 10, விடியும் முன் கோட்டையில் கலகம் வெடித்தது. திப்பு சுல்தானின் மகன்கள் உள்ளே காவலில் இருந்தார்கள். தொப்பி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பற்றவைத்த கொள்ளி அதுதான். நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பியின் குதிரைப்படை பாய்ந்து வந்தது. சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை நடத்தி, ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

உத்தரவு போட்டவர்கள்? ஊருக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கடுந்தண்டனை! 1811இல் கிரடாக் தென்னாப்பிரிக்காவில் கேப் காலனி கவர்னர். பிறகு பிரபுப் பட்டம். பென்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்து இறங்கினார்.

சீமைக் குளிருக்கு நெய்த கம்பளிக் கோட்டோடு பரங்கிமலை வெயிலில் நின்ற ராணுவம் அது. இன்றைய ராணுவம் திருந்திவிட்டது. 2022 ஜனவரி 15 அன்று அறிமுகமான போர்ச்சீருடை எடை குறைவானது, காற்றோட்டமானது.

திருந்தாத ராணுவம் ஒன்று மிச்சமிருக்கிறது. சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று அடுக்குமாடி வாசல்தோறும் முகாமிட்டிருக்கிறது. சாய்த்து வைத்த பெரட் தொப்பி. தோளில் பித்தளை நட்சத்திரம். மார்பில் பின்னல் கயிறு, நுனியில் விசில். மேற்சட்டை பாலியஸ்டர். பூட்ஸ் போன ஆளுடையது. முன்னால் பழைய துணி திணித்திருக்கிறது. உள்ளே இருப்பவர் அறுபதைத் தாண்டிய தாத்தா. 12 மணி நேர ஷிப்ட். மாற்று ஆள் வராவிட்டால் 24.

அவர் எந்தப் படையெடுப்பைத் தடுக்கிறார்? ஸ்விக்கி பையனை. எதற்கு நட்சத்திரம்? கார் நுழையும்போது ஒரு ஜெனரல் சல்யூட் அடித்த சுகம் நமக்கு வேண்டும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம் அல்லவா? கழிப்பறை கேட்டால் மட்டும் சங்கத்தில் நிதி இல்லை. பூந்தொட்டிக்கு உண்டு.

இந்த உடுப்புக்குச் சட்டமும் இருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. ராணுவ, போலீஸ் உடுப்பையோ அதுபோலத் தோன்றும் உடுப்பையோ தனியார் காவலாளி அணிந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏஜென்சி முதலாளிக்கும் உண்டு, போட்டுக்கொண்டு நின்ற தாத்தாவுக்கும் உண்டு. இந்த மிடுக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய குடியிருப்போர் சங்கத்தைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை.