முறை: வயலுக்கும் வலைக்கும் பொதுவான ஒரு சட்டம் பற்றிய சிற்றாய்வு

பொருள்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் நீரை இரண்டு கூட்டத்தார் நம்பி வாழ்கின்றனர். அணைக்கட்டுக்குக் கீழே கமக்காரர். அணைக்கட்டுக்கு உள்ளே, நீர்ப்பரப்பில், மீன்பிடிகாரர். நீர் வெளியேறினால்தான் முன்னவருக்குச் சோறு. நீர் தங்கினால்தான் பின்னவருக்குச் சோறு. ஒருவர் பேச்சில் துருசு, வாய்க்கால், வரம்பு, போகம் என்ற சொற்கள் வரும். மற்றவர் பேச்சில் வள்ளம், வலைக்கண், பாடு என்ற சொற்கள் வரும். இவர்களைப் போன்றவர்களைப் பற்றி ஆய்வாளர் எழுதிய நூல்களும் வெவ்வேறு அலுமாரிகளில் இருக்கின்றன. உழவரைப் படிப்பவர் மீனவரைப் படிப்பதில்லை. மீனவரைப் படிப்பவர் உழவரைத் தேடுவதில்லை.

இக்கட்டுரை அந்த இரண்டு அலுமாரிகளிலிருந்தும் சில நூல்களை எடுத்து ஒன்றாக வைக்கிறது. ஒப்பிடும் பொருள் ஒன்றே: முறை. அதாவது, எவருக்கும் தனியுரிமை இல்லாத ஒன்றை யார், எப்போது, எந்த வரிசையில் எடுப்பது என்ற ஒழுங்கு. இந்தப் பொருளில் உழவர் நூல் பாதிச் சட்டத்தைச் சொல்கிறது, மீனவர் நூல் மறுபாதியைச் சொல்கிறது, இரணைமடுவுக்கு இரண்டு பாதிகளும் வேண்டும் என்பதே இங்கு நிறுவப்படுவது.

களம்

கனகராயன் ஆறு வவுனியாக் காடுகளில் பிறந்து வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. அதை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் திட்டத்தை 1885இல் வரைந்தவர் ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. அதன் பின் அணைக்கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. 1970களின் வேலைக்குப் பிறகு கொள்ளளவு ஏறத்தாழ 131 மில்லியன் கனமீற்றர் ஆனது. அண்மைய புனரமைப்பில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்ந்தது. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் இதுவே. இதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் உண்டு.

காலபோகத்தில் வானமும் சேர்ந்து பாய்ச்சுவதால் வயல் முழுவதும் விதைக்கலாம். சிறுபோகத்தில் குளம் மட்டுமே துணை. முழு வயலுக்கும் நீர் காணாது. ஆகவே ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் முன்னால் கூட்டம் கூடி, இருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முறை என்ற பொருள் இங்கே ஆண்டுதோறும் வந்து நிற்கும் கேள்வி.

நூல்கள்

உழவர் பக்கத்து முதல் நூல் எட்மண்ட் லீச் எழுதிய ‘புல் எலிய’ (1961). அனுராதபுர மாவட்டத்தில், ஒரு குளத்தை நம்பிய சிறு சிங்களக் கிராமத்தில் அவர் 1954இல் தங்கிச் செய்த ஆய்வு அது. வவுனியாவுக்குத் தெற்கே அதே வரண்ட வலயம், அதே குளத்து வாழ்வு. ஆதலால் வன்னி வாசகருக்கு அந்நூல் அந்நியமானதல்ல.

மீனவர் பக்கத்து முதல் நூல் போல் அலெக்சாண்டரின் ‘ஸ்ரீலங்கன் ஃபிஷர்மென்’ (1982). தென்கரையில் தங்காலைப் பக்கத்து மாவெல்ல என்ற கிராமத்தின் கரைவலைத் தொழிலை அது ஆராய்கிறது. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவர் எவரும் அதன் பக்கங்களில் தம் தொழிலைக் கண்டுகொள்வர்.

இரண்டையும் இணைக்கும் பாலம் எலினர் ஒஸ்ட்ரொம் எழுதிய ‘கவர்னிங் த கொமன்ஸ்’ (1990). பொதுச் சொத்தை மக்கள் தாமே ஆளும் வழிகளைத் தொகுத்த அந்த ஆய்வுக்காக அவருக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. வாய்க்காலும் வலையும் ஒரே அட்டைக்குள் வந்த நூல் அது. மாவெல்லவும் அதில் இடம்பெறுகிறது.

முதல் விதி: நல்ல இடம் எல்லோரிடமும் வந்துபோக வேண்டும்

கரைவலையில் விடியற்காலைப் பாடு, அதாவது விடியலில் வலை இழுக்கும் வாய்ப்பு, சிறந்தது. மாவெல்லவில் ஒரு வலை எட்டுப் பங்காகப் பிரிந்திருந்தது. வலைகள் கரையில் வரிசைப்படி காத்திருந்தன. விடியற்பாடு இன்று ஒரு வலைக்கு, நாளை அடுத்த வலைக்கு என்று சுற்றியது. பணக்காரனின் வலை என்பதால் அது ஒருநாள் முந்தி வராது.

துருக்கியின் அலன்யா என்ற கரையோர நகரத்திலும் இதே எண்ணம் வேறு உருவில் இருந்தது. செப்டெம்பரில் மீனவர் பட்டியல் எழுதப்பட்டது; மீன்படும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கப்பட்டது. ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாள்தோறும் ஓரிடம் கிழக்கே நகர்ந்தார். ஜனவரிக்குப் பின் மேற்கே நகர்ந்தார். கரையோரமாக மீன் இடம்பெயர்வதை அறிந்து செய்த ஏற்பாடு அது. நீர்கொழும்புக் களப்பின் கட்டுதெல் வலைக்காரரும் பாடுகளைச் சீட்டால் பங்கிட்டனர். அந்த வழக்கத்தை அரசாங்கம் 1958இல் சட்டவிதியாக ஏற்றுக்கொண்டது.

உழவனுக்கு இந்த விதி எளிதல்ல. வள்ளம் நகரும், வயல் நகராது. துருசடி வயல்காரன் என்றென்றும் துருசடியில். கடைவாய்க்கால்காரன் என்றென்றும் கடையில். புல் எலிய மக்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தனர். பழைய வயலை மேல்வயல், கீழ்வயல் என்று பிரித்து, ஒவ்வொரு பங்குகாரருக்கும் இரண்டிலும் துண்டு கொடுத்தனர். வாய்க்காலின் குறுக்கே மரக்கட்டையைப் போட்டு, பங்கின் அளவுக்கு ஏற்ற அகலத்தில் அதில் வெட்டுக்கள் செதுக்கி நீரைப் பிரித்தனர். மனிதன் நகர முடியாத இடத்தில் நன்மையையும் தீமையையும் ஒவ்வொருவர் கையிலும் கலந்து கொடுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் குடியேற்றத் திட்டங்களில் இந்தக் கலப்பு இல்லை. குடும்பத்துக்கு ஒரே இடத்தில் ஒரு காணி என்று அளந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து தலைவாய்க்கால், கடைவாய்க்கால் என்ற பிளவு காணி உறுதியிலேயே எழுதப்பட்டுவிட்டது. முதல் விதியில் மீனவர் நூலே முழுமையானது.

இரண்டாம் விதி: பஞ்சமும் பங்கிடப்பட வேண்டும்

இங்கே உழவர் நூல் முந்துகிறது. நீர் குறைந்த ஆண்டில் புல் எலிய மக்கள், குளத்துக்கு அண்மையில் உள்ள வயல்பகுதியை மட்டும் விதைத்தனர். அந்தப் பகுதி அதன் சொந்தக்காரருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அந்தப் போகத்துக்கு எல்லாப் பங்குகாரருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. சிங்களத்தில் இதற்குப் பெயர் பெத்ம. போகம் முடிந்ததும் நிலம் பழைய கைகளுக்குத் திரும்பும். உடைமையை ஒரு போகத்துக்கு ஒதுக்கிவைத்து உரிமையைக் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டைவிட உயர்ந்த ஒன்றை நான் எந்தச் சட்டநூலிலும் கண்டதில்லை. இரணைமடுவின் சிறுபோகப் பங்கீடும் இதே கொள்கையின் பிள்ளை.

மீனவர் முறையில் இதற்கு ஈடு இல்லை. மாவெல்லவின் வரிசை, வாய்ப்பைச் சமமாகப் பிரித்தது. மீன் படாத நாளின் இழப்பு அன்று வலை இழுத்தவர் தலையிலேயே விழுந்தது.

மூன்றாம் விதி: வரிசைக்கு வாசல் வேண்டும்

மாவெல்லவின் துயரம் இங்கேதான். வரிசை நேர்மையாகச் சுற்றியது. ஆனால் வரிசையில் புதிய வலை சேர்வதை எவராலும் தடுக்க முடியவில்லை. வலைகளின் தொகைக்கு மேல்வரம்பு விதித்த அரசாங்க விதியும் நடைமுறையில் காக்கப்படவில்லை. வலைகள் பெருகின, ஒவ்வொரு வலைக்கும் முறை வரும் நாட்களின் இடைவெளி நீண்டது. கடலில் மீன் குறைந்ததாலல்ல, கரையில் வலை மிகுந்ததால் மீனவர் வறுமைப்பட்டனர். நேர்மையான வரிசையும் வாசலில்லாவிட்டால் எல்லோரையும் சமமாக ஏழையாக்கும்.

புல் எலியவில் அப்படி நடக்கவில்லை. பழைய வயலின் பங்குகள் எண்ணப்பட்டவை. ஒருவர் பங்கு வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம். புதிய பங்கு ஒன்றை உண்டாக்க முடியாது. கிராமத்தைக் கட்டி நிறுத்தியது உறவுமுறையைவிட வயலின் கிடப்பும் நீரின் அளவுமே என்று லீச் வாதிட்டது இதனால்தான்.

நான்காம் விதி: பங்குகாரனே காவலன்

ஸ்பெயினின் வலென்சியா நகரில் நீர் நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடுகிறது. நீதிபதிகள் அந்தந்த வாய்க்காலின் கமக்காரர் தெரிந்தெடுத்தவர்கள். வழக்கு வாய்மொழியாக விசாரிக்கப்பட்டு அங்கேயே தீர்கிறது. கரைவலையில் அடுத்த முறைக்காரன் கரையிலேயே நிற்பதால் முன்னவன் நேரத்தை மீற முடிவதில்லை. இரு பக்க நூல்களும் ஒன்றையே சொல்கின்றன: அடுத்த முறைக்காகக் காத்திருப்பவனைவிட நல்ல காவலன் இல்லை.

இலங்கையில் இதற்குச் சான்று கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம். நோர்மன் அப்ஹொஃப் எழுதிய ‘லேர்னிங் ஃப்ரம் கல் ஓயா’ (1992) அந்த வரலாற்றைச் சொல்கிறது. 1980களின் தொடக்கத்தில் அங்கே கமக்காரர் சிறு குழுக்களாகக் கூடித் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கினர், முறைவைத்துப் பாய்ச்சினர், மிஞ்சியதைக் கீழே விட்டனர். தலைவாய்க்கால் சிங்கள உழவர் கடைவாய்க்கால் தமிழ் உழவருக்கு நீர் போகவிட்டதையும் அவர் பதிவுசெய்கிறார். நாடு இனப்போருக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் முறை என்ற ஒழுங்கு அதைச் செய்வித்தது.

மறுப்பும் விடையும்

உழவனும் மீனவனும் ஒரே குளத்தில் எதிரெதிர் நலன் உடையவர்கள், இவர்களுக்குப் பொதுச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தின் உபாலி அமரசிங்கவும் அவருடன் உழைத்தவர்களும் இலங்கைக் குளங்களில் செய்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆண்டுக்குள் நீர்மட்டம் ஏறி இறங்கும் குளங்களில் மீன் விளைச்சல் கூடுகிறது. நீர் வற்றிய தரையில் புல் முளைக்கிறது, மாடு மேய்கிறது, சாணம் சேர்கிறது. நீர் திரும்ப ஏறும்போது அவையெல்லாம் மீனுக்கு உணவாகின்றன. அதாவது, கமக்காரன் துருசு திறப்பது மீனவனுக்குப் பகையல்ல. அளவோடு திறந்தால் அதுவே அவன் வலைக்கு உரம். அடிநீர் வரை இறைத்துத் தாய்மீன் அழியும்போதுதான் பகை தொடங்குகிறது. அந்த அளவு எது என்பதை இருவரும் சேர்ந்தே தீர்மானிக்கலாம்.

பொருத்திப் பார்த்தல்

இந்த விதிகளை இரணைமடுவில் வைத்துப் பார்த்தால் நான்கு யோசனைகள் பிறக்கின்றன.

முதலாவது, மீனவர் பாடத்தை வாய்க்காலுக்குக் கொண்டுவரலாம். வயல் நகராது, ஆனால் நீர் திறக்கும் வரிசை நகரும். ஒரு சிறுபோகத்தில் தலைவாய்க்காலுக்கு முதல் நீர் என்றால், அடுத்த சிறுபோகத்தில் கடைவாய்க்காலுக்கு முதல் நீர். விடியற்பாடு சுற்றுவதுபோல முதல் நீரும் சுற்ற வேண்டும்.

இரண்டாவது, சிறுபோகத் தீர்மானக் கூட்டத்தில் குளத்து மீனவர் சங்கத்துக்கு வாக்குள்ள இடம் வேண்டும். எத்தனை ஏக்கர் என்ற தீர்மானத்தோடு, எந்த அடிக்குக் கீழே குளத்தை இறக்குவதில்லை என்ற தீர்மானமும் ஒரே குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, மிகுதிக்கும் முறை உண்டு. 2018 டிசெம்பர் பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளைப் பக்கத்துத் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. எந்த மட்டத்தில் எத்தனை கதவு, திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு யாருக்குச் சொல்வது என்பதும் பங்கீட்டின் ஒரு பகுதியே. அது கீழே வாழ்பவர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிந்த அட்டவணையாக இருக்க வேண்டும்.

நான்காவது, வாசல் பற்றிய கேள்வி. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2010ஐ ஒட்டி வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். பின்னர் மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. அந்த எதிர்ப்பைப் பிரதேச வெறி என்று சொன்னவர்கள் மாவெல்லவின் வரலாற்றைப் படிக்கவில்லை. தாகத்துக்கு நீர் மறுப்பது அறமல்ல. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் சிறுபோகத்துக்கே காணாத குளத்தில் புதிய பங்கு ஒன்று சேர்வதென்றால் அது பெத்ம விதிக்கு உட்பட்டே சேர வேண்டும்: வற்றிய ஆண்டில் மற்றப் பங்குகளோடு அதுவும் குறைய வேண்டும். நிறைந்த ஆண்டிலும் வற்றிய ஆண்டிலும் ஒரே அளவு கேட்கும் பங்கு, பங்கல்ல. அது வரிசையை உடைக்கும் உரிமை. இனி எந்த ஊர் இந்தக் குளத்திடம் நீர் கேட்டாலும் முதலில் பேசவேண்டியது இதையே.

முடிபு

உழவர் நூல் பஞ்சத்தைப் பங்கிடவும் வாசலைக் காக்கவும் கற்றுத் தருகிறது. மீனவர் நூல் நல்ல வாய்ப்பை ஒருவர் கையில் தேங்கவிடாமல் சுற்றிவிடக் கற்றுத் தருகிறது. காவலை இரண்டும் ஒருமித்துச் சொல்கின்றன. இரணைமடு இந்த இரு கூட்டத்தாரையும் ஒரே நீரில் வைத்திருக்கும் குளம். ஆகவே இரண்டு பாதிகளையும் சேர்த்து எழுத வேறெந்த இடத்தையும்விட இங்கேதான் தகுதி உண்டு. அடுத்த சிறுபோகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியைக் கூட்டினால் போதும்: முதல் நீர் இம்முறை யாருக்கு, குளத்தில் மிஞ்ச வேண்டிய நீர் எத்தனை அடி. அந்த வரிக்குக் கமக்காரரும் மீனவரும் சேர்ந்து விடை எழுதும் நாளிலிருந்து இந்தக் குளத்துக்குத் தன்னுடைய சட்டம் இருக்கும்.