தங்கத்துக்குத் தோசை கிடையாதாம்லே!

ஏலே மருமவனே, ஒங்கம்மா காலைலயே போன்ல ஒரே அங்கலாய்ப்பு. பய பம்பாய்க்குப் போறான், மூணு ராத்திரி தங்குததுக்கு ரூம் போட ஒரு வாரமா கம்ப்யூட்டரும் கையுமாக் கெடக்கான், அண்ணே நீயாவது என்னன்னு கேளுன்னா. கேட்டேன். நீயும் சளைக்காமப் பாடம் எடுத்த. சில்வருன்ன, கோல்டுன்ன, பிளாட்டினம்ன, டைட்டானியம்ன. ஒன் தங்கச்சி கல்யாணத்துக்குத் திருநெல்வேலில கடை கடையா ஏறி நகை எடுத்தமே, அன்னைக்குக்கூட இத்தனை உலோகம் நம்ம காதுல விழலடே.

சோலி என்ன? நரிமன் பாயிண்ட்ல ஒரு ஆபீஸ். மூணு நாளும் காலைல ஒம்பதரைக்கு அங்க போய் நிக்கணும். நீ ரூம் பாத்து வச்சிருக்கது பவாய்ல. ஏண்டேன்னு கேட்டா, ஒன் மேரியட் அட்டைக்கு அங்க புள்ளி ஏறுமாம், சன்னலத் தொறந்தா ஏரி தெரியுமாம். ஏரி! குளத்தங்கரை மனைய வாங்கிப் போடுன்னு நான் சொன்னப்போ கொசு கடிக்கும் மாமான்னு மூஞ்சியச் சுளிச்சவன் நீதான.

நான் ஆயுசு பூரா கருப்பட்டி யாவாரம் பாத்தவன். இந்த அட்டை யாவாரத்த நீ சொல்லச் சொல்ல எனக்குக் கைய எடுத்துக் கும்பிடணும்போல இருந்துச்சு. என்ன மூளைடே அவனுவளுக்கு! பிளேன்காரன்தான் மொதல்ல ஆரம்பிச்சிருக்கான். 1981ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த மைலுக்குக் கணக்கு வச்சு ஓசி டிக்கெட் குடுக்கேன்னு. அதப் பாத்து 1983ல ஹாலிடே இன்னும் மேரியட்டும் ஓட்டலுக்குக் கொண்டாந்துட்டான். யாரைக் குறி வச்சான்னு நெனைக்க? சம்சாரி குடும்பத்தோட லீவுக்குப் போறானே அவனையா? அவன் வருசத்துக்கு ஒரு தடவ வருவான், வந்தாலும் பேரம் பேசுவான். குறி பூரா ஒன்னைய மாதிரி ஆளு மேலதான். ரூம் தேடுதது நீ, துட்டு குடுக்கது கம்பெனி.

நம்ம தெரு முக்கு அண்ணாச்சி கடைல நீ சின்னப் பயலா இருக்கைல நடந்தது ஞாபகம் இருக்கா? ஒங்கம்மா பத்து ரூவாயக் குடுத்து சீனி வாங்கிட்டு வான்னு அனுப்புவா. அண்ணாச்சி சீனிய மடிச்சுக் குடுத்துட்டு, ஒன் கையில ஒரு நாரங்கா முட்டாய வச்சு அமுக்குவாரு. மறுநா அடுத்த கடைல சீனி நாலணா கொறைச்சல்னு ஒங்கம்மா சொன்னாலும், நீ அண்ணாச்சி கடைக்குத்தான் ஓடுவ. துட்டு வீட்டோடது, முட்டாய் ஒன்னோடது. இவ்வளவுதாம்லே இந்த பிளாட்டினம். அண்ணாச்சி கல்லாவுல ஒக்காந்து கண்டுபிடிச்சத, அவனுவ கோட்டு போட்டுக்கிட்டு செஞ்சிருக்கான்.

இதுல என்னைச் சிரிக்க வச்சது, நீ ‘நான் அங்க விஐபி மாமா’ன்னு சொன்னதுதான். 2016ல மேரியட்காரன் ஸ்டார்வுட்டை வாங்கினான், ரெண்டு பேரோட அட்டையையும் ஒண்ணாச் சேத்து 2019ல பான்வாய்னு பேர் வச்சான். இன்னைக்கு அதுல 20 கோடிக்கு மேல ஆளு. அந்த 20 கோடில நீயும் ஒரு விஐபி. நல்லா இருடே.

சரி, தங்கம் இருக்கே, காலைல ஓசில என்னல்லாம் சாப்பிடுவன்னு ஆசையாக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஈனக் குரல்ல சொல்லுத, தங்கத்துக்குத் தோசை கிடையாதாம், பிளாட்டினத்துக்குத்தானாம். அப்போ தங்கத்துக்கு என்னதாண்டே உண்டு? கால் பங்கு கூடுதல் புள்ளி. ரெண்டு மணிக்கு ரூம காலி பண்ணலாம், அதுவும் காலியா இருந்தா. நல்ல ரூமா மாத்தித் தருவான், அதுவும் காலியா இருந்தா. மேல் மாடில குடுப்பானாம். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கட்டைய நீட்டுதவனுக்கு மூணாம் மாடி என்ன, முப்பதாம் மாடி என்ன? கண்ண மூடினா எல்லாம் ஒரே இருட்டுதான்.

போன டிசம்பர்ல நீ அடிச்ச கூத்தும் எனக்குத் தெரியும். ஒன் பொஞ்சாதி சொல்லிட்டா. 25 ராத்திரி நெறைஞ்சாத்தான் தங்கமாம், ஒண்ணு கொறையுதாம், டிசம்பர் 31 தாண்டினா கணக்கு பூரா அழிஞ்சு மறுபடி மொதல்ல இருந்தாம். மடிப்பாக்கத்துல சொந்த வீட்டையும் கட்டின பொண்டாட்டியையும் வச்சுக்கிட்டு, சென்னைக்குள்ளயே ரூம் போட்டுப் படுத்துட்டு வந்திருக்க. அவ எங்கிட்ட அழவும் முடியாமச் சிரிக்கவும் முடியாம இத சொல்லுதா. நான்தான், ‘போட்டும்மா, வேற வம்புக்குப் போகாம ஓட்டல்ல போய்த் தூங்கிட்டு வாற ஆம்பளை கிடைக்கதே அபூர்வம்’னு தேத்தி வச்சேன்.

இப்போ ஒனக்கு 47 ஆயிட்டு, மூணு படுத்தா 50, பிளாட்டினம். அதான் இந்தத் துடிப்பு. வா, கணக்குப் பாப்போம். ராத்திரி 15,000 ரூவா. மூணுக்கு 45,000. சர்க்காருக்குப் போற 18 சதம் ஜிஎஸ்டிக்குப் புள்ளி கிடையாது, அத விட்டுரு. டாலருக்கு பத்துப் புள்ளி, ஒன் தங்கத்துக்குக் கால் பங்கு கூட. எல்லாம் சேத்தா ஆறாயிரத்துச் சொச்சம் புள்ளி. புள்ளி ஒண்ணு அம்பது அறுபது காசு பெறும்னு நீயேதான் சொன்ன. ஆகமொத்தம் முட்டாய் சுமார் 3,500 ரூவா. அதுலயும் பாரு, இத்தன புள்ளிக்கு ஒரு ரூம்னு முன்னெல்லாம் பட்டியல் போட்டு வச்சிருந்தானாம். 2022ல அதக் கிழிச்சுப் போட்டுட்டான். இப்போ அன்னன்னைக்கு அவன் சொல்லுததுதான் விலை. ரெண்டு வருசம் கணக்குல ஒண்ணுமே நடக்கலைன்னா புள்ளியும் காலாவதி. நம்ம கருப்பட்டிகூட ஓலைக் கொட்டான்ல ஒழுங்கா வச்சா அதுக்கு மேல தாங்கும்.

இனி அந்தப் பக்கம். பவாய்ல இருந்து நரிமன் பாயிண்டுக்கு 30 கிலோமீட்டர் வச்சுக்கோ. பம்பாய் டாக்ஸி மீட்டர் மொத ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 31 ரூவா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 20 ரூவா 66 காசு. ஒரு நடைக்கு 620. மூணு நாளுக்கு ஆறு நடை, 3,720. முட்டாய் அங்கயே கரைஞ்சிட்டு. ஆட்டோல போயிக்கிடுதேன்னு சொல்லாத, பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெக்க ஆட்டோவ விட மாட்டான். டாக்ஸித் துட்டும் கம்பெனி குடுக்கும் மாமான்னு நீ சொல்லுவ, தெரியும். துட்டு குடுப்பான்டே, காலைல ஒன்றரை மணி நேரம் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் சிக்னல்ல ஒக்காந்திருக்கியே, அந்த முதுகு யாருது? அதுக்கு எந்த அட்டைல புள்ளி ஏறும்?

இன்னொரு வேடிக்கை சொல்லுதேன். பிளாட்டினம் ஆயிட்டா சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ரூம வச்சுக்கிடலாம்னு குதிச்சியே. நல்ல சலுகைதான், நான் இல்லங்கல. ராத்திரி பிளேனுக்கு நிக்கவனுக்கு ஒரு குளியலும் ஒரு தூக்கமும் கிடைக்கும். ஆனா அடுத்த தடவ இதே சோலிக்குப் போனாலும், கடைசி நாள் நாலு மணிக்கு நீ எங்க இருப்ப? நரிமன் பாயிண்ட்ல மீட்டிங்ல. பவாய்ல ஒன் பெட்டி மட்டும் ஏசியப் போட்டுக்கிட்டு ஏரியப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கும்.

எடம்னு வந்தா நீ கிலோமீட்டர மட்டும் பாக்க, அங்கதான் கோட்டை விடுத. நான் அந்தக் காலத்துல சரக்கு விஷயமாப் போனா தாராவில நம்ம ஊர்க்காரங்க வீட்லதான் தங்குவேன். 90 அடி ரோட்ல நடந்தா நாலு பேருல ஒருத்தன் ‘என்ன அண்ணாச்சி, எப்ப வந்திய?’ம்பான். அங்க கத்துக்கிட்டது இது: பம்பாய்ல ஒரு எடம் கிட்டயா தூரமான்னு தண்டவாளத்தக் கேக்கணும், மேப்பக் கேக்கக் கூடாது. அந்தேரின்னு ஒரே பேரு, கிழக்கு வேற மேற்கு வேற. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரூம், இந்தப் பக்கம் சோலின்னா பாலத்துல ஏறி எறங்கவே விடிஞ்சிரும். ஆனி ஆடில மழை பேஞ்சா அந்தேரி சப்வேல தண்ணி நின்னு, பேசாம பெட்டியப் பிரிச்சு மறுபடி படுக்க வேண்டியதுதான். இப்போ மார்கழி, தப்பிச்ச. மேப்பப் பாத்துதான் தீரணும்னா, ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாக்காத. செவ்வாக்கெழம காலை எட்டரைன்னு நேரத்த வச்சுப் பாரு. அதுல வாற சிவப்புக் கோட்டப் பாத்தா ஏரி மறந்து போகும்.

ஒனக்கு 47 இல்லாம வெறும் 12 ராத்திரிதான் இருந்துச்சுன்னா நான் இவ்வளவு பேசவே மாட்டேன். பேசாம நரிமன் பாயிண்ட்லயே ஒண்ணப் போடு, ட்ரைடண்ட், ஓபராய்னு இருக்கு, ஒன் அட்டை செல்லாட்டி செல்லாமப் போகட்டும், காலைல எந்திரிச்சு மரைன் டிரைவ்ல காலாற நடந்துட்டு, குளிச்சுட்டு, ஆபீசுக்கு நடந்தே போயிரு, சோலி முடிஞ்சுதுன்னு விட்டிருப்பேன். அங்க போனாலும் அவனும் ஒரு அட்டைய நீட்டத்தான் போறான், அது வேற கதை.

ஆனா மூணு ராத்திரிதான் பாக்கிங்க. வருசம் பூரா ஊர் ஊராப் படுத்து எந்திரிச்சதத் தண்ணில விடச் சொல்ல எனக்கும் மனசில்ல. அதனால கேளு. அதே மேரியட்டுக்கு ஏர்போர்ட் பக்கம் சகார்ல ஓட்டல் இருக்கு. ஏரி தெரியாது, பிளேன் தெரியும். பூமிக்கடில புது மெட்ரோ விட்டிருக்கானே, மூணாம் நம்பர், ஆரேல இருந்து கஃப் பரேடு வரைக்கும் 33.5 கிலோமீட்டர், 2025 அக்டோபர்ல முழுசாத் தொறந்தான். சகார் ரோடுல ஏறினா பிகேசி, தாராவி, தாதர், வொர்லி, சர்ச்கேட்டுன்னு சிக்னலே இல்லாமப் போயி விதான் பவன்ல எறங்கிரு. அங்கருந்து நரிமன் பாயிண்ட் நடந்துரலாம். ஒரு கோடில இருந்து மறு கோடிக்கே 70 ரூவாதான் டிக்கெட்டு. ராத்திரி பத்தரை வாக்குல கடைசி வண்டி, அதுக்குள்ள கச்சேரிய முடிச்சிரு. கடைசி நாள் பெட்டிக்காகத் திரும்பி வந்தாலும் வழிதான, ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு. இதெல்லாம் எப்படி மாமா தெரியும்னு கேக்காத. தாராவில இன்னமும் ஆளு வச்சிருக்கேன்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. ஒங்க கம்பெனி டிராவல் டெஸ்க்குப் பொண்ணு எந்த வழியா ரூம் போடுதான்னு கேளு. நூறு ரூவா கொறைச்சல்னு ஏதாவது புக்கிங் ஆப்புல போட்டுட்டான்னா, ராத்திரியும் ஏறாது புள்ளியும் ஏறாது. மூணு நாளும் நீ அங்க படுத்தது ஒனக்கும் தலகாணிக்கும் மட்டும்தான் தெரியும். ஓட்டல்காரன்கிட்ட நேராப் போடச் சொல்லு, இல்ல கம்பெனிக்குன்னு பேசி வச்ச ரேட்டுல போடச் சொல்லு, ஒன் நம்பரச் சேத்துட்டாளான்னு கேட்டுக்கோ.

ஆங், மறந்துட்டேன். தை மாசம் நம்ம வேலு மக கல்யாணம், மண்டபம் வேளச்சேரில. ஒன் வீட்ல அன்னைக்குப் பூரா சம்பந்தி வீட்டு ஆளுவ வந்து நெறைஞ்சிருவாங்க, நாங்க எங்க படுக்க? மேரியட்காரனோட ஓட்டல் ஒண்ணு வேளச்சேரிலயே இருக்காம்லா, வெஸ்டின்னு. எடம் தோதா இருக்கு பாத்துக்கோ. சேத்து வச்சிருக்க புள்ளிய ரெண்டு ராத்திரிக்கு எறக்கி ஒரு ரூம் போட்டுரு. ஓசின்னு ஒங்க அத்தகிட்ட மூச்சு விடாத, நீ துட்டு குடுத்துப் போட்டன்னே சொல்லு. அவ நாலு பேருகிட்ட சொல்லுவா, ஒனக்கும் மரியாத.

பிளாட்டினத் தோசைய நான் விசாரிச்சிட்டேன். அட்டைக்காரன் கூடவே தங்கினாத்தான் உண்டாம். அதனால நீயும் எங்களோட வந்து தங்கிரு, அதே ரூம்ல ஒரு மெத்தையப் போடச் சொல்லுவோம். அதுலயும் அட்டைக்காரனுக்கும் கூட ஒரே ஒரு ஆளுக்கும்தான் ஓசியாம். மூணாவது ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல தீட்டிருவான். எதுக்கு வீண் செலவு? நீ சோலியோட சோலியா வெள்ளிக்கெழம காலைல வாற மாதிரிப் பாத்துப் போடு. ஒங்க அத்தைக்கு வெள்ளிக்கெழம விரதம்.