இரண்டு ஃபில்ஸ் குளிர்

குவைத்தில் மின்சார ஊதாரியாக இருப்பதற்குக் கெட்ட குணம் எதுவும் தேவையில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அங்கே குடிமக்களின் வீடுகளுக்கு ஒரு யூனிட் 2 ஃபில்ஸ். 1966-இல் வைத்த விலை. ஆயிரம் ஃபில்ஸ் சேர்ந்தால்தான் ஒரு தினார். நம் காசுக்கு அந்த 2 ஃபில்ஸ் அரை ரூபாய்ச் சொச்சம். அதற்குப் பிறகு எண்ணெய் விலை எத்தனையோ தடவை ஏறி இறங்கிவிட்டது, ஈராக் படையே வந்து போய்விட்டது, அந்த 2 ஃபில்ஸ் மட்டும் அசையவில்லை. இரண்டு கிலோவாட் இழுக்கும் ஏசியை ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் ஓட்டினால் 48 யூனிட். ஆக 96 ஃபில்ஸ். வெளியே 50 டிகிரி கொளுத்த, உள்ளே 18 வைத்துக் கம்பளி போர்த்திப் படுத்திருப்பவரிடம் போய், “24-இல் வையுங்களேன்” என்று சொல்லிப் பாருங்கள். அறிவியல் உங்கள் பக்கம்தான். வெளிக்கும் உள்ளுக்குமான வித்தியாசம் 32-இலிருந்து 26 ஆகிறது. சுவர் வழியே வரும் வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே அளவுக்கு மின்சாரமும் குறைந்தால் ஒரு நாளைக்கு 18 ஃபில்ஸ் மிச்சம். மாதம் பூராவும் தவம் கிடந்தால் அரை தினாரும் கொஞ்சம் சில்லறையும். அவர் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

இதெல்லாம் எண்ணெய்ப் பணத்தின் திமிர் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்கு, அங்கே வேலைக்குப் போன நம்மவர்களே சரியான பதில். ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் பில் எகிறும் என்று மீட்டர் பெட்டியை எட்டி எட்டிப் பார்த்து வாழ்ந்தவர், மின்சாரமும் தண்ணீரும் வாடகைக்குள் அடங்கிய குவைத் ஃபிளாட்டுக்குக் குடி போனதும், திரும்பி வரும்போது அறை சூடாக இருக்கக் கூடாதே என்று ஏசியை ஓடவிட்டே கடைக்குப் போகிறார். விமானம் ஏறியதில் குணம் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மீட்டர் இப்போது அவர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 2017-இல் வாடகைக் குடியிருப்புகளுக்கு யூனிட்டை 5 ஃபில்ஸ் ஆக்கினார்கள். ஆனால் வாடகையோடு மின்சாரமும் சேர்ந்த கட்டடத்தில் பில்லைக் கட்டுகிறவர் உரிமையாளர், ரிமோட்டை வைத்திருப்பவர் குடியிருப்பவர். இருவரும் சந்திப்பது மாதம் ஒருமுறை, அதுவும் வேறு விஷயமாக.

அதற்காகப் பாலைவனத்து வீட்டுக்காரருக்குச் சிக்கன மூளையே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். ஜூலை மாதம் மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெந்து, நீலக் குறி போட்ட குழாயைத் திறந்தால் டீ போடுகிற பதத்தில் தண்ணீர் வரும். அப்போது என்ன செய்கிறார்கள்? கீசரின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள். ஏசி வீட்டுக்குள் தொங்கும் கீசரில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் ஆறிப்போய், காலையில் சிவப்புக் குழாயில் குளுகுளுவென்று இறங்கும். வெந்நீர்க் கருவியையே குளிர்நீர்த் தொட்டியாக்கிய இந்த ஏற்பாட்டுக்கு அரசாங்கப் பிரச்சாரமோ சுவரொட்டியோ தேவைப்படவில்லை. தோல் சுட்டது, மூளை வேலை செய்தது. பில்லும் கொஞ்சம் சுட்டிருந்தால் அந்த மூளை ஏசி பக்கமும் போயிருக்கும் என்பதுதான் என் வாதம்.

உயிர் காக்கிற பொருளுக்கா விலை ஏற்றுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவாகி, உலக வானிலை அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காற்று தோலைவிடச் சூடு. மின்விசிறி போட்டால் அனலைத்தான் வீசும். முன்னோர்களின் தடித்த மண்சுவரும் காற்றுக் கோபுரமும் போதாதா என்று உருகுகிறவர்கள், முன்னோர்களின் பேரன்மார் வாய்ப்புக் கிடைத்ததும் எதற்கு மாறினார்கள் என்று பார்த்தால் நல்லது. ஏசி வேண்டும், சந்தேகமே இல்லை. 26 டிகிரி வரைக்குமான ஏசி உயிர் காக்கும். 18-க்குக் கொண்டுபோய் மேலே கம்பளி போர்த்துவது எந்த உயிரைக் காக்கிறது? ஒரு குடும்பத்துக்குத் தேவையான யூனிட்டை அதே 2 ஃபில்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் ஓடுவதற்கு உற்பத்திச் செலவை வாங்கினால் யாரும் வெயிலில் சாகப் போவதில்லை.

எண்ணெய் இருக்கும்போது என்ன கவலை என்ற வாதத்துக்கு 2024 ஜூனே விடை சொல்லிவிட்டது. எண்ணெய் மேல் உட்கார்ந்திருக்கிற நாடு, உச்சத் தேவையைத் தாங்க முடியாமல் சில பகுதிகளில் நேரம் குறித்து மின்சாரத்தை நிறுத்தியது. வெயில் கூடக்கூட ஏசிக்கு வேலையும் கூடும், அதன் திறனும் குறையும். எல்லா வீட்டு ஏசியும் ஒரே மதியத்தில் மூச்சுவாங்கினால் எந்த மின்நிலையம்தான் தாங்கும்? புதுக் கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு வேண்டும் என்ற விதி 1983-லேயே வந்துவிட்டது. அதற்கு முந்திய பழைய ஃபிளாட்டுகளில்தான் சங்கடம். அங்கே சுவருக்குக் காப்புப் பலகை அடிக்கவும் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடவும் உரிமையாளருக்கு ஒரு காரணம் வேண்டும். 5 ஃபில்ஸ் அந்தக் காரணம் ஆகாது. உண்மை விலையை வசூலித்துப் பாருங்கள். அடுத்த மார்ச்சுக்குள் அவரே ஏணி போட்டு ஏறி மாடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருப்பார்.