மாறுதல் பட்டியலில் தேவ சித்தம்

கேள்வி: எல்லையோர ஊரில் போதகராக இருக்கிறேன். வேண்டியவர்களுக்கு டவுன் சபை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் மலையடிவாரம். கேட்டால் 'தேவ சித்தம்' என்கிறார்கள். தேவனுக்குமா பாரபட்சம்?
- ஒரு போதகர், பாறசாலை

பதில்: தேவனை விடுங்கள், ஐயரே. மாறுதல் பட்டியலை டைப் அடிப்பது அவரல்ல!

உங்கள் குறை திருச்சபை அளவுக்கே பழையது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று எருசலேம் சபையில் கிரேக்க மொழிக்காரர்கள் முறையிட்டார்கள். பன்னிருவர் 'பொறுமையாக ஜெபியுங்கள்' என்று அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கொலா என்று ஏழுமே கிரேக்கப் பெயர்கள்! புகார் சொன்னவர்கள் கைக்கே கரண்டி போய்விட்டது.

உங்கள் பக்கம் 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. 1959-ல் தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர் பேராயமும் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டானது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலத்தோடு பேராயரும் மாறுவார். பாரபட்சம் மட்டும் பர்மிட் இல்லாமலே செக்போஸ்ட்டைத் தாண்டும்.

அதே திருச்சபையில் பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கும் முடிவே சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அவர்கள் வயதுக்கு விதி உண்டென்றால் உங்கள் மாறுதலுக்கும் வேண்டாமா? ஒரு சபையில் எத்தனை வருடம், அடுத்து எந்த வரிசை என்று எழுத்தில் கேளுங்கள். தேவ சித்தத்துக்கும் வேலைப்பளு குறையும்!